ஐந்து மாதம் கழித்துக் கேட்ட துக்கம்

என் மகனுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். அவன் நின்றுகொண்டிருக்கும் படம் போட்ட பத்திரிகையை, போனில் எண் இருந்த எல்லோருக்கும் ஒன்றாக அனுப்பிவிட்டு அவனுக்குச் சோறு பிசையப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் என் கல்லூரித் தோழியிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது: "தம்பி நல்லா வளந்துட்டான்."

அவளும் நானும் திருச்செங்கோட்டில் ஒரே கல்லூரி, விடுதியில் ஒரே அறை. கல்யாணமாகி அவள் அங்கேயே தங்கிவிட்டாள், நான் ராசிபுரம் வந்தேன். எனக்கு மகன் பிறந்து மூன்று வாரத்தில் அவளுக்கு மகள். அந்தப் பெண் எட்டாம் மாதத்தில் காய்ச்சல் கண்டு இரண்டே நாளில் இறந்துபோனாள். அது நடந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. நான் துக்கம் கேட்கப் போகவில்லை. "கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு எழவூட்டுக்கு எப்படிப் போவ சாமி? ஒரு மாசம் போவட்டும்" என்றார் மாமியார். ஒரு மாதம் போனது. அதற்குப் பிறகு யாரும் என்னைத் தடுக்கவில்லை. அவளிடம் பேசப் போனை எடுப்பேன். மகன் அழும் சத்தம் அவளுக்குக் கேட்டுவிடுமே என்று வைத்துவிடுவேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். அவள் வீட்டில் நடந்ததை நினைத்தாலே எழுந்து போய் மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

இப்போது, துக்கமே கேட்காத வீட்டுக்குக் காதுகுத்துப் பத்திரிகை அனுப்பியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் மகனை மாமியாரிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். வந்ததும் குளித்துவிட்டுத்தான் பையனைத் தூக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பஸ் நிலையத்தில் பிஸ்கட் வாங்கினேன். பொட்டலத்தின் மேல் குழந்தைப் படம் இருந்ததைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். கடைசியில் வெறுங்கையோடு போனேன்.

அவள் தனியாக இருந்தாள். புருஷன் மறுபடியும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தார். கட்டிப்பிடித்து அழுவோம் என்று நினைத்திருந்தேன். இருவருமே அழவில்லை. உட்காரச் சொல்லி டீ வைத்துக் கொடுத்தாள். மகனைப் பற்றிக் கேட்டாள். அவனுக்கு ஆறு பல் முளைத்திருந்தது, நான் இரண்டு என்றேன். இன்னும் நிற்கவில்லை என்றும் சொன்னேன்.

"போட்டோவுல நிக்கறானே" என்றாள்.

நான் மிச்ச டீயைக் குடித்து முடித்தேன். அவள் உள்ளே போய் ஒரு டயாப்பர் பாக்கெட்டை எடுத்து வந்தாள்.

"இத எடுத்துக்கிட்டுப் போடி. பிரிக்கவே இல்ல. அவ வளந்தா ஆவும்னு பெரிய சைசா வாங்கி வெச்சேன். உம்பையனுக்குச் சரியா இருக்கும்."

என் கையில் காலி டீ டம்ளர் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு வாங்கியிருக்கலாம். செத்துப்போன குழந்தைக்கு வாங்கியது என் பிள்ளையின் உடம்பில் படுவதா என்ற நினைப்பு எங்கிருந்தோ வந்து கையைப் பிடித்துக்கொண்டது. படித்தவள்தான், அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தவள்தான். ஒன்று, இரண்டு எண்ணும் நேரம் இருக்கும். பிறகு டம்ளரை வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினேன். அதற்குள் அவள் பாக்கெட்டைக் கட்டில்மேல் போட்டுவிட்டாள்.

குடு என்று கேட்டேன். கெஞ்சினேன். டம்ளர் கையில் இருந்தது, அதனால்தான் என்றேன்.

"உட்றி" என்றாள். கோபமே இல்லை. "நானா இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்."

துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து வந்தேன். அவளும் வாசலுக்கு வரவில்லை.

வீட்டில் குளித்துவிட்டுத்தான் மகனைத் தூக்கினேன். அன்றாவது குளிக்காமல் தூக்கியிருக்கலாம். அதற்கும் தைரியம் வரவில்லை.

காதுகுத்துக்கு அவள் வரவில்லை. வா என்று நான் வாயால் கூப்பிடவும் இல்லை. அவள் சொன்னது உண்மைதானா, என்னைத் தேற்றச் சொன்னதா என்று இன்றும் தெரியவில்லை. தேற்றத்தான் என்றால், பிள்ளையைப் பறிகொடுத்தவளை எனக்கு ஆறுதல் சொல்ல வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பிறகு இரண்டு முறை போன் செய்தேன். எடுத்தாள். பையன் நடக்கிறானா என்று விசாரித்தாள். நடக்கிறான் என்றேன். நல்லது, அடுப்பில் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.