உப்புச் சுடர்

அணு நிறமாலை ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு விருதாம். நாங்கள் படித்த காரைக்கால் கல்லூரியின் வாட்ஸ்அப் குழுவில் இன்று காலை யாரோ அறிவிப்புப் போட்டிருந்தார்கள். படித்ததுமே மூக்கில் ஏறியது ஹைப்போ நெடி. ஃபிலிம் கழுவுகிற மருந்து, உங்களுக்கும் தெரிந்திருக்கும். எம்.எஸ்ஸி. நாட்களில் எங்கள் இருட்டறை முழுக்க அந்த வாடைதான்.

செல்வராணியும் நானும் சேர்ந்து ஆய்வு செய்தோம். சேர்ந்து என்பது பெருமைக்குச் சொல்வது. தன் ஊரான கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரை மணலை அவள் மின்பொறியில் எரிப்பாள்; அந்த ஒளி கண்ணாடித் தட்டில் கோடுகளாகப் பதியும். எந்தக் கோடு எந்த அணுவுடையது என்று அவளே கண்டுபிடிப்பாள். நான் தட்டைக் கழுவிக் காயவைப்பேன். அதிலும் இரண்டை உடைத்தேன்.

அவளுக்குப் பேச்சு திக்கும். புதுச்சேரியில் மாணவர் விருதுக்காக நடுவர்கள் முன்னால் பேச வேண்டும் என்றதும், "நீ பே... பேசுடி. நான் படம் காட்டுறேன்" என்றாள்.

"எனக்குத் தட்டுக் கழுவத்தாண்டி தெரியும்" என்றேன்.

அவளே மேடையேறினாள். 'அணு' என்ற சொல் வரவேயில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அவளோ, செய்துகாட்டக் கொண்டுவந்திருந்த ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, திரியில் உப்புத்தண்ணீர் விட்டு, அறை விளக்குகளை அணைக்கச் சொல்லி எனக்குக் கை காட்டினாள்.

இருட்டில் மஞ்சள் சுடர் மட்டும். முன்னால் இருந்த நடுவர் அம்மாவின் சிவப்புப் புடவை கறுப்பாகிவிட்டது. "அட!" என்று அவர் முந்தானையைத் தூக்கிப் பார்த்தார். எல்லோரும் அவரவர் துணியைப் பார்த்தார்கள். செல்வராணியின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அப்போது ஆரம்பித்தாள்.

"சோடியத்துக்கு இந்த மஞ்சள் ஒண்ணுதாங்க தெரியும். எங்க ஊரு மண்ணுல இருக்குற ஒவ்வொரு அ... அணுவும் இப்படித் தனக்குன்னு நிறம் வெச்சிருக்குங்க."

திக்கினாள், நிறுத்தவில்லை. விருது அவளுக்குத்தான்.

மறுநாள் மீன் கூடையோடு இருந்த அவள் அம்மா கேட்டார்: "ஏ புள்ள, அத்தன பேரு முன்னால உப்பக் கொளுத்துனியாமே? அதுக்கா பரிசு குடுத்தாங்க?" அப்படிக் கேட்டவர்தான் அன்று முழுக்க மீன் வாங்க வந்தவர்களிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இருட்டறை இப்போது கணினி அறை. கோடுகள் நேரே திரைக்கு வந்துவிடுகின்றன. கோவையில் பேராசிரியையாக இருக்கும் செல்வராணி, போன மாதம் குடும்பத்தோடு திருநள்ளாறு வந்திருந்தாள். கோயில் கூட்டத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தடங்கலே இல்லை. பயிற்சி எடுத்தாளாம். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றெல்லாம் அவள் என் பெயரின் முதல் எழுத்தில் முட்டி நிற்கும்போதே, அவள்தான் என்று தெரிந்து, முழுப்பெயரும் வந்து சேரட்டும் என்று திரும்பாமல் நிற்பேன். அப்படி என்னை நிற்கவைக்கிற குரல் இப்போது இல்லை.