அம்மா தென்சேரி

சென்ற ஞாயிற்றுக்கிழமை கல்லடிக் கடற்கரையில் என் மகளைச் சற்று நேரம் தொலைத்துவிட்டேன். காற்று வாங்கப் போன இடத்தில், எதிர்பாராமல் ஒரு கூத்துக் குழு மத்தளத்தோடு வந்து இறங்கியது. சனம் கூடியது. பிள்ளையைக் காணவில்லை. கடைசியில், முன்வரிசையில் சப்பணமிட்டு உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் வீடு வரும்வரை அவள் கையை விட மனம் வரவில்லை. அவள் வயதில் நானும் ஒரு கடற்கரைக் கூட்டத்தின் நடுவே நின்று அழுதிருக்கிறேன். அன்று நான் தொலைத்தது அம்மாவை.

போர்க்காலத்தில், துவக்குச் சத்தம் சில மாதங்கள் ஓய்ந்திருந்த ஒரு வைகாசி அது. களுதாவளைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு அப்பா, அம்மா, நான் மூவரும் ஒரே சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தோம். கடலில் கால் நனைக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். பொழுதுபட முன்னம் வீடு போய்விட வேண்டும் என்ற நிபந்தனையோடு அப்பா சைக்கிளைத் திருப்பினார்.

கடற்கரையில் இழுத்து வைத்திருந்த தோணிகளுக்கு நடுவே ஒரே ஆரவாரம். பல வருடங்களாக நின்றுபோயிருந்த கொம்பு விளையாட்டை, கண்ணகி அம்மனுக்காக அன்று மணலில் நடத்திக்கொண்டிருந்தார்கள். வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, வடசேரி, தென்சேரி என்று இரண்டு கட்சியும் எதிரெதிரே இழுக்கும். எவருடைய கொம்பு முறிகிறதோ அவருக்குத் தோல்வி. வென்றவர்கள் தோற்றவர்களை வசைபாடலாம், அவர்கள் கோபிக்கக் கூடாது.

"நாம வடசேரி," என்றார் அப்பா பெருமையாக.

"நீங்க ரெண்டு பேரும். நான் தென்சேரி," என்றாள் அம்மா. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தும் விட்டாள்.

பிள்ளைகளுக்குத் தகப்பனின் கட்சி என்பதும், அம்மா தன் தகப்பனின் கட்சி என்பதும் ஊருக்கே தெரிந்த விஷயம். எனக்கு மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒரே பாயில் என்னோடு படுக்கிற அம்மா அந்நியக் கட்சிக்காரி! நான் திகைத்து நிற்கும்போதே அப்பாவும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடிக்க ஓடிவிட்டார்.

இழுத்தார்கள். பெண்கள் குரவையிட்டார்கள். படீரென்று வடசேரிக் கொம்பு முறிந்தது. அப்பாவும் அவருக்குப் பின்னால் நின்றவர்களும் ஒருவர்மேல் ஒருவராக மணலில் சாய்ந்தார்கள். தென்சேரிப் பெண்களுக்கு முன்னால் வந்து, அப்பாவை நோக்கிக் கையை நீட்டி, அம்மா பாடினாள்:

"வடசேரிக் கொம்பு வாழைத் தண்டோ,
வளைச்சதும் முறிஞ்சுது, வெக்கம் உண்டோ!"

அம்மாவுக்குப் பாட வரும் என்பதே எனக்குப் புதிது. அப்பா வேட்டியில் மணலோடு எழுந்து கத்தினார்.

"பொறு புள்ள! வீட்ட வந்தா ஒனக்குச் சோறில்ல!"

"ஆக்கிறது நான்தானே! ஒங்களுக்குத்தான் இல்ல!"

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அம்மா இனி எங்கள் வீட்டுக்கு வரமாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. கயிற்றைத் தாண்டி ஓடி, அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அம்மா, நீ வீட்ட வருவியா?"

"வராம? தோத்த ஆக்களுக்கு ஆரு சோறாக்கிறது, மகள்?"

பக்கத்தில் நின்ற ஒரு மாமி என் கண்ணைத் துடைத்துவிட்டு, "வடசேரிப் புள்ள இப்பவே அழுகுது கா!" என்றாள் அம்மாவிடம். எனக்கு இன்னும் அழுகை வந்தது.

பொழுதுபட்ட பிறகுதான் புறப்பட்டோம். நிபந்தனையை அப்பாவே மறந்துவிட்டார். சைக்கிளின் முன்பாரில் நான், அம்மா பின்னால். வழியெல்லாம் அவள் வாழைத் தண்டைப் பாட, அவர் மணியடித்து அதை அமுக்கப் பார்க்க, அவள் இன்னும் உரக்கப் பாட, அவர் பதிலுக்கு ஒரு வசை கட்ட...

அந்த நாட்களில் இருட்டினால் எங்கள் வீட்டில் எவரும் குரலை உயர்த்துவதில்லை. நாய் குரைத்தால் அப்பா விளக்கைத் தணிப்பார். நான் இருமினால் அம்மாவின் உள்ளங்கை என் வாயைப் பொத்தும். அப்படிப்பட்ட இருவர் மைமல் இருட்டில், திறந்த தெருவில், ஊர் கேட்கக் கத்திக்கொண்டு போகிறார்கள். சண்டை முற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன். கத்த வேண்டாம் என்று வீடு வரும்வரை இருவரையும் கெஞ்சினேன். அவர்கள் கேட்கவேயில்லை. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவர்களுக்குக் கத்தக் கிடைத்த மாலை அது என்று, அழுதுகொண்டிருந்த எனக்கு எப்படி விளங்கும்?