ரஸ்மிய்யாவின் கணவருக்கு இடுப்பு வலி இல்லை

ரஸ்மிய்யாவின் வாழ்க்கையில் இருந்த ஒரே பெருங்குறை, அவளுடைய கணவர் ஆரோக்கியமாக இருந்ததுதான்.

தனிக்குடித்தனம் போய்விட்ட மூத்த மகன் நாயிஃபின் பெயரால் ஊருக்கு அவர் அபூ நாயிஃப், அவள் உம்மு நாயிஃப். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்குச் சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை, மூட்டில் ஒரு முனகல்கூட இல்லை. ஜோர்டானின் ஸர்க்கா நகரில் அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. எரிவாயு வண்டி பாட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் நுழைந்ததும் இறங்கிப் போவார். நிறை சிலிண்டரைத் தோளில் ஏற்றி நான்காம் மாடிவரை நிற்காமல் வருவார். வேலைதான் இல்லை. பத்தொன்பது வருஷம் தலைநகர் அம்மானுக்கு மினி பஸ் ஓட்டினார். முதலாளி பஸ்ஸை விற்றார். அன்றிலிருந்து மூன்று வருஷமாகக் காப்பிக்கடையில் சீட்டு விளையாடியபடி உலக நாடுகளின் தவறுகளைத் திருத்திவருகிறார். இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு ஒரு பெண் எப்படி முன்னுக்கு வருவாள்?

ஆனால் இந்தக் குறை அவளுக்கே தெரியாமல்தான் இருந்தது. பேரீச்சம்பழ பிஸ்கட் தொழிற்சாலையில் பதினாறு வருஷமாக இருந்தாள். அதில் ஏழு வருஷம் இரண்டாம் வரிசைக்கு மேற்பார்வை. முதல் வரிசைக்கு மேற்பார்வை ஃபவாஸ், கல்யாணமாகாத பையன். இரண்டு வரிசையிலும் ஒரே பிஸ்கட், ஒரே பெட்டி, ஒரே வேகம். நவம்பரில் ஒருநாள் சம்பளச் சீட்டைத் தூக்கிக்கொண்டு அவன்தான் அவளிடம் வந்தான்.

"சின்னம்மா, சமூகப் பாதுகாப்புன்னு என்னமோ பிடிச்சிருக்கான். சரியான்னு பாருங்க."

அது சரியாக இருந்தது. அடிப்படைச் சம்பளமும் அவளுக்கு வருவதுதான். அதற்குக் கீழேதான் அவள் சீட்டில் இல்லாத ஒரு வரி இருந்தது: குடும்பத் தலைவர் படி, முப்பத்தைந்து தீனார்.

"நீ எந்தக் குடும்பத்துக்கடா தலைவன்?"

"வீட்டுல அம்மா இருக்கு. ஒரு பூனை இருக்கு."

"பூனை உன் பேச்சைக் கேக்குமா?"

"கேக்காது சின்னம்மா. ஆனா படி வருதே."

அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. முப்பத்தைந்து தீனார் என்றால் எவ்வளவு மண்ணெண்ணெய் என்று யோசித்தாள். டிசம்பர் வந்தால் வீட்டில் ஒரே அறையில்தான் குளிர்காயும் அடுப்பு எரியும். தாதிப் படிப்பு படிக்கும் மகள் லுப்னா கையுறையோடுதான் புத்தகத்தைப் புரட்டுவாள்.

மறுநாள் பணியாளர் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே அதிகாரி மம்தூஹ்; மரியாதையாக 'உஸ்தாத்' என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல மனிதர். யாரையும் இல்லை என்று திருப்பி அனுப்ப மாட்டார். விளக்கம் கொடுத்து அனுப்புவார்.

"உம்மு நாயிஃப், விதியில ஆம்பளை பொம்பளைன்னு பேதமே கிடையாது. குடும்பத் தலைவருக்குன்னுதான் போட்டிருக்கு. உங்க வீட்டுத் தலைவர் யாரு?"

"அபூ நாயிஃப்."

"பாத்தீங்களா, நீங்களே ஒத்துக்கறீங்க."

"அவரு மூணு வருஷமா வீட்டுல இருக்காரு, உஸ்தாத்."

"தலைவர் வீட்டுல இல்லாம வேற எங்க இருப்பாரு?"

அவள் போகாமல் நிற்பதைப் பார்த்து அவருக்கே மனம் இளகிவிட்டது. இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். கணவர் இயலாதவர் என்று இரண்டு ஆண்கள் சாட்சி சொல்லி, பேட்டை மணியக்காரரான முக்தார் முத்திரை வைத்தால், மனைவியைக் குடும்பத் தலைவராகக் கருத விதியில் இடம் இருந்தது.

"கண்ணு, காது, கை, காலு, எதுவானாலும் சரி. நான் குறுக்க வரமாட்டேன். நீங்களே பாத்து ஒண்ணு சொல்லுங்க."

கணவர் உடம்பில் ஓர் உறுப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோடு ரஸ்மிய்யா வெளியே வந்தாள். மூன்றாம் வரிசையின் மேற்பார்வை நுஹா காத்திருந்தாள். முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, அப்பா இல்லை. படிவத்தை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்கு இது வேணும்னா முதல்ல ஒரு மாப்பிள்ளை தேடணும். அப்புறம் அவன் காலை உடைக்கணும். ரெண்டு செலவு, அக்கா."

அவளிடம் வேறொரு தாள் இருந்தது. ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் என்று தொழிலாளர் அலுவலகத்துக்கு எழுதிய புகார். ஆனால் நுஹா ஆண்டு ஒப்பந்தக்காரி. தனியாகக் கையெழுத்துப் போட்டால் டிசம்பரோடு கதை முடிந்துவிடும். ரஸ்மிய்யா நிரந்தரம். "உங்க பேரு மேல இருந்தா என் பேரு அதுக்குக் கீழ ஒளிஞ்சுக்கும்," என்றாள் நுஹா.

இரண்டு தாள்களும் ரஸ்மிய்யாவின் கைப்பையில் பதினோரு நாள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடந்தன. புகார் கொடுத்தால் வேலை என்ன ஆகும் என்று தெரியாது. படிவம் கொடுத்தால் அடுத்த மாதமே முப்பத்தைந்து தீனார்; ஆனால் காப்பிக்கடையில் அபூ நாயிஃப் எந்த முகத்தோடு உட்காருவார்? இதற்கிடையில் அவளையறியாமல் கணவரை ஆராய ஆரம்பித்திருந்தாள். அவர் குனிந்து செருப்பு மாட்டும்போது உற்றுப் பார்ப்பாள். தூரத்துப் பலகையைப் படிக்கச் சொல்வாள். படித்துவிடுவார். ஒருநாள் அவர் இரண்டுமுறை தும்மியபோது அவளுக்குள் ஒரு நம்பிக்கை எழுந்து, உடனே வெட்கத்தில் செத்தது.

பன்னிரண்டாம் நாள் அவர் தீப்பெட்டி தேடி அவள் பையைத் திறந்தார்.

அன்றைக்குப் பருப்புச் சோறு. அபூ நாயிஃப் வெங்காயத்தை ஒதுக்கவில்லை, உப்பு குறைவு என்று சொல்லவில்லை, எந்த நாட்டையும் திட்டவில்லை. தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்தார். லுப்னாதான் கேட்டாள்: "அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" ரஸ்மிய்யாவுக்குப் புரையேறியது.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் அந்தப் படிவத்தை மேசைமேல் வைத்தார். கீழே முக்தாரின் ஊதா முத்திரை.

"இடுப்பு," என்றார். "முக்தார் முதுகெலும்புன்னு போடலாம்னாரு. அவ்வளவு வேணாம்னேன்."

"உங்களை யாரு போகச் சொன்னா, அபூ நாயிஃப்?"

"நீ கேட்டிருக்க மாட்டே. அதான் போனேன்."

"சாட்சிக்கு யாரு?"

"காப்பிக்கடைக்காரன் ஒண்ணு, சீட்டாட்டக் கூட்டாளி ஒண்ணு. டீ வாங்கித் தரேன்னேன். வேணாம்னுட்டாங்க." சிரிக்கப் பார்த்தார். "'இதுக்கு எதுக்குய்யா டீ? பேட்டைக்கே தெரிஞ்ச விஷயம்தானே'ன்னானுங்க."

மறுநாள் ரஸ்மிய்யா அலுவலகத்தில் நின்றபோது படி வாங்குவது என்றே முடிவு செய்திருந்தாள். ஒரு மனிதர் தன் மானத்தை மடித்துக் கொடுத்தபின் அதை வீணாக்குவதும் பாவம்தானே. உஸ்தாத் மம்தூஹ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விதிப்படி உரக்கப் படித்தார். வருகைப் பதிவுக்கு வந்த ஐந்தாறு பேர் விதிப்படி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தைஸீர், அதாவது அபூ நாயிஃப்… இடுப்புக் கோளாறால் எந்த உழைப்புக்கும் உதவாதவர்… அடடா! நடக்கறதாவது நடக்கறாரா? இல்ல எல்லாமே படுக்கையிலதானா?"

யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

ரஸ்மிய்யா மேசைமேல் குனிந்து தாளை அவர் கையிலிருந்து உருவினாள்.

"அவருக்கு ஒண்ணுமில்ல, உஸ்தாத். நல்லா இருக்காரு. வேலை இல்ல, அவ்வளவுதான். அது வியாதியில்ல."

"அப்போ படி?"

"நான் செய்யற வேலைக்குக் குடுங்க. அவரோட இடுப்புக்கு வேணாம்."

பையிலிருந்த புகாரை எடுத்து, நுஹாவின் பெயருக்கு மேலே கையெழுத்துப் போட்டு, மேசையில் வைத்துக் காட்டினாள். மம்தூஹ் வருத்தத்தோடு தலையாட்டினார். "அந்தத் தாளுக்கு அடுத்த மாசம் காசு வந்திருக்கும், உம்மு நாயிஃப். இதுக்கு என்ன வரும்னு எனக்கே தெரியாது."

வந்தது இதுதான். தொழிலாளர் அலுவலகம் புகாரைப் பெற்றுக்கொண்டு, 'பரிசீலனையில்' என்று முத்திரை குத்தியது. தொழிற்சாலை ஒரே வாரத்தில் விழித்துக்கொண்டு ஃபவாஸை 'தலைமை மேற்பார்வையாளர்' ஆக்கியது. இனி இரண்டும் ஒரே வேலை என்று எவரும் சொல்ல முடியாது. அவனுக்குக் கீழே புதிதாக யாரையும் வைக்காததால் தலைமை சிரமமில்லாமல் நடந்தது. ரஸ்மிய்யாவை அட்டைப்பெட்டிக் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே எண்ணுவதற்குப் பெட்டி உண்டு, பேசுவதற்கு ஆள் இல்லை. நுஹாவின் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிந்தது. கடைசி நாளில் கிடங்குக்கு வந்து, "நல்லவேளை, நான் யார் காலையும் உடைக்கல," என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். போனபிறகு ரஸ்மிய்யா ஒரே அடுக்கை மூன்றுதரம் எண்ணினாள்.

படிவத்தைக் கொடுக்கவில்லை என்று கணவரிடம் சொல்ல அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று. அவர் அடுப்புத் திரியைத் திருகினார்.

"அப்போ நான் சும்மாதான் முடமானேனா?"

"கிழிச்சுப் போட்டுட்டேன். யாருகிட்டேயும் இல்ல."

"முக்தார் பதிவேட்டுல இருக்கே."

அங்கே மட்டும் அல்ல. பள்ளிக்கூட வேன் ஒன்றுக்கு ஓட்டுநர் தேடியவர்கள் பேட்டையில் விசாரித்துவிட்டு வேறு ஆளை வைத்தார்கள். அபூ நாயிஃப் முக்தாரிடம் போய், எழுதியதை அடிக்கச் சொன்னார். முக்தார் மறுக்கவில்லை. இயலாதவர் என்று எழுத இரண்டு சாட்சி என்றால், இயலும் என்று எழுதவும் இரண்டு சாட்சி, நியாயம் நியாயம்தான். காப்பிக்கடைக்காரன் வாயில் விரலை வைத்தான். "ஆண்டவன் பேரைச் சொல்லி ஒருதரம் சொல்லியாச்சே, அபூ நாயிஃப். இப்ப மாத்திச் சொன்னா நாங்க பொய்ச்சாட்சின்னு ஆயிடும்ல?" ரஸ்மிய்யா தானே போய் நின்றாள். "நான் சொல்றேன், எழுதுங்க." முக்தார் மரியாதையாக அவளை உட்காரச் சொன்னார். மனைவி சொல்வது அன்பில் சேர்த்தி, சாட்சியில் சேர்த்தி இல்லை என்றார்.

இப்போது எரிவாயு வண்டியின் பாட்டு கேட்டால் அபூ நாயிஃப்தான் முதலில் தெருவில் நிற்கிறார். தன் வீட்டுச் சிலிண்டர் மட்டுமல்ல, கட்டடத்தில் யாருடையதானாலும் தூக்குகிறார். காசு வாங்குவதில்லை. படிக்கட்டில் எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் நிறுத்தி, சிலிண்டர் தோளில் இருக்க, நலம் விசாரிக்கிறார். எல்லாரும், "ஆண்டவன் பலம் தரட்டும்," என்று வழிவிடுகிறார்கள். வண்டி வாரத்தில் மூன்று நாள் வருகிறது.

ஜனவரிக் கடைசியில் ஒருநாள் மூன்றாம் மாடியில் அவர் காலடி நின்றது. ரஸ்மிய்யா கதவைத் திறந்து படியோரம் வந்து எட்டிப் பார்த்தாள். சிலிண்டரைப் படியில் இறக்கிவைத்துவிட்டு ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தார். மற்றக் கை இடுப்பில். இது அன்றைக்கு ஐந்தாவது சிலிண்டர். அவள் இரண்டு படி இறங்கிக் கையை நீட்டினாள்.

மூன்றாம் மாடிக்காரி கதவுச் சந்தில் நின்றிருந்தாள்.

ரஸ்மிய்யா கையை இழுத்துக்கொண்டாள். அபூ நாயிஃப் இடுப்பிலிருந்து கையை எடுத்து மீசையைத் தடவிக்கொண்டு, "என்ன, சோறு ஆயிடுச்சா?" என்றார்.

"ஆயிடுச்சு. மெதுவா வாங்க," என்று சொல்ல வந்தவள், "சீக்கிரம் வாங்க," என்றாள்.