அஸ்னாக்கெச்சின் இடது கால்

அஸ்னாக்கெச்சின் மகள் மெந்தவாபைப் பெண் கேட்டு இன்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வருகிறார்கள். அஸ்னாக்கெச்சோ வீங்கிப்போன இடது காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டு, இஞ்சரா ரொட்டிக் கூடைக்குப் பின்னால் நகராமல் உட்கார்ந்திருந்தாள்.

கோஜாம் மலையில் வெறுங்காலோடு செம்மண்ணில் பாடுபடுகிறவர்களுக்கு வருகிற வீக்கம்தான் அது. கால் பார்க்கும் நர்ஸ் செவ்வாய்தோறும் சந்தைக்குப் போகும் வழியில் உட்காருகிறாள், காசும் வாங்குவதில்லை. சோப்புப் போட்டுக் கழுவு, செருப்பில்லாமல் மண்ணில் இறங்காதே என்கிறாள். ஆனால் அந்த வரிசையில் நின்றால் ஊருக்கே தெரிந்துவிடும். ஊரைப் பொறுத்தவரை அது ரத்தத்தில் ஓடுகிற நோய். அப்படிப்பட்ட வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். மண் செய்கிற வேலைக்கு வம்சத்தைத் திட்டுகிற ஊரை என்னவென்று சொல்ல!

பெரியவர்கள் மூன்று பேரும் வந்து வாசலிலேயே நின்றார்கள். சம்மதம் சொல்லும்வரை உட்காருவது வழக்கமில்லை.

"எழுந்து வர முடியலைங்க ஐயா, இடுப்புப் பிடிச்சிக்கிச்சு."

"இருக்கட்டும் தாயி," என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா தெஸாலென். "ஏழு தலைமுறைக்குள்ள சொந்தம்னா கட்டக்கூடாதே, விசாரிச்சாச்சு, எதுவும் குறுக்க வரலை. வேற... ரத்தத்துல சீக்கு கீக்கு?"

"எங்க ரத்தத்துல ஒண்ணுமில்லீங்க."

நர்ஸைக் கேட்டால் அது பொய்யில்லை என்பாள். இருந்தும் அஸ்னாக்கெச் பாவாடையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அப்ப பொண்ணைக் குடுக்கறீங்களா?"

"குடுத்தோம்."

"அப்பாடா! என் முட்டி எப்பவோ சம்மதிச்சிடுச்சு," என்று சிரித்தபடி உட்கார்ந்தார் தெஸாலென்.

மெந்தவாப் காபி கொண்டுவந்தாள். வெறுங்கால்தான். கோழியை விற்று அம்மா வாங்கிக் கொடுத்த செருப்பு தேய்ந்துவிடக் கூடாதென்று கல்யாணத்துக்காகப் பெட்டியில் பூட்டிவைத்திருக்கிறாள். ஊரில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். தட்டை ஏந்தி நின்றவள், ஒரு குதிகாலால் மறு காலின் மேல்புறத்தைப் பரபரவென்று தேய்த்தாள்.

அஸ்னாக்கெச்சுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் அரிப்பு, அப்புறம் எரிச்சல், அப்புறம்தான் வீக்கம்.

அவர்கள் போனபிறகு கேட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை. கூடையைத் தள்ளிவிட்டு எழுந்தாள், காலை இழுத்து இழுத்து வந்து, மகள் முன்னால் பொத்தென்று உட்கார்ந்து அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். பாவாடை முழங்கால்வரை ஏறிவிட்டது. தெஸாலென் குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்தார்.

"எம்மா, பாவாடை!" மெந்தவாப் தட்டோடு குனிந்தாள். "எல்லாரும் பாக்கறாங்கம்மா..."

"பாக்கட்டும்டி. எப்பயிருந்து அரிக்குது, அதைச் சொல்லு."