எல்லாப் பெண்ணுக்கும் வந்த ஒரே மாப்பிள்ளை

இணையத்தோடு இணைக்கும் மோடம் முதலில் கீச்சிடும். பிறகு மழைக்கு முந்தைய காற்றுபோல இரைந்து அடங்கும். பழங்காநத்தத்து மாடி அலுவலகம் ஒன்றில் அந்தச் சத்தத்தோடுதான் என் பொழுது விடியும். வலைத்தளங்களைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. இந்தத் தொழிலில் கைசுட்டுக்கொண்ட உங்களுக்குத் தெரியும்: நம் பிழை நம் திரையில் நல்லபிள்ளையாக இருக்கும்; வாடிக்கையாளர் திரையில்தான் வாய் திறக்கும்.

அழையாத வரன்

கல்யாணத் தகவல் மையம் நடத்திய ராதாபாயம்மாவுக்கு ஒரு தளம். நிரல் எழுதியவன் எங்கள் அலுவலகத்துக் கணேசன். ஜாவாஸ்கிரிப்டில் எல்லாப் பட்டியல்களும் ஒரே மூல அச்சிலிருந்து பிறப்பவை, புரோட்டோடைப் என்பார்கள். பெயர் நீக்கும் கட்டளையைப் பக்கத்துக்குப் பக்கம் எழுத அலுத்துப்போய், அந்த அச்சிலேயே ‘ரிமூவ்’ என்று ஒன்றைச் சேர்த்துவிட்டான், நான் சோதித்து முடித்த பிறகு. அச்சில் சேர்ந்தது எல்லாப் பட்டியலிலும் ஒட்டிக்கொண்டது; வரன்களை ஒவ்வொருவராக எடுத்துக்காட்டும் பக்கம் அதையும் ஒரு வரனாக நினைத்துக் காட்டியது. படமில்லை, ஊரில்லை, பெயர் மட்டும். ராதாபாயம்மா போனில் கேட்டார்:

“ஏம்மா, யாரு இந்த ரிமூவ்? எந்தப் பொண்ணுக்குப் பாத்தாலும் கடைசியில இவனே வந்து நிக்கிறான். ஒருத்தன் எம்புட்டுப் பொண்ணுதான் பாப்பான்?”

எடுத்தாலும் வம்பு

வெள்ளிக்கிழமை தளத்தின் திறப்பு. அதற்குள் சரியாகாவிட்டால் கணேசன் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அவன் அச்சில் சேர்த்ததை எடுத்தான். வரன் மறைந்தான். கூடவே பக்கத்து மேசை பஷீர் செய்த பக்கங்களும் உயிரை விட்டன. வசதியாக இருக்கிறதே என்று அவனும் அதே கட்டளையை எங்கும் பயன்படுத்தியிருந்தான். கணேசனிடம் வந்து சொன்னான்:

“மாப்ள, நீ நட்ட தூண நம்பி நான் மாடியே கட்டிட்டேன். இப்ப வந்து தூண உருவுறியே!”

திறப்பு விழா

அச்சைத் தொடாமல் தனிக் கட்டளையாக எழுதி, இருவரும் பக்கம் பக்கமாக மாற்றினார்கள். பின்னாலேயே நான் திறந்து பார்த்துக்கொண்டு போனேன். வெள்ளிக்கிழமை ராதாபாயம்மா கணினிக்குப் பொட்டு வைத்து உட்கார்ந்தார். பட்டியலின் அடிவரை மெல்லப் பார்த்தார். நிமிர்ந்து கணேசனைக் கேட்டார்:

“எங்கப்பா அவன்? பாவம், எங்கயாச்சும் அமைஞ்சிருச்சா?”

கணேசனுக்கு வேலை நிலைத்தது. ‘நீயும் பதிஞ்சு வைப்பா’ என்று அந்த அம்மா சொன்னதால் தன் பெயரையும் அதே தளத்தில் பதிந்துவைத்தான்; இன்றுவரை கல்யாணம் ஆகவில்லை.