சித்தியின் கன்னிக்கால்

அந்த வருடம் எங்கள் வீட்டில் ஒரு தடிக்கு நடந்த உபசாரம் மாப்பிள்ளைக்குக்கூட நடக்கவில்லை. அம்மாவின் கடைசித் தங்கையான சித்தியின் கலியாணப் பந்தலில் கன்னிக்காலாக நட்ட முள்முருக்கந்தடி அது. கலியாணம் முடிந்த கையோடு சித்தப்பா பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். சித்தி இணுவிலில் எங்களோடு விசாவுக்குக் காத்திருந்தார். கன்னிக்கால் தழைத்தால் பெண்ணின் வாழ்வும் தழைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டார் விசாவையும் அதோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். படலையைத் திறந்து வருகிறவர்கள் முதலில் தடியைத்தான் சுகம் விசாரித்தார்கள்.

மழை தொடங்கத் தடி துளிர்த்தது. நாலைந்து நாளில் துளிரைக் காணவில்லை. மறுபடி துளிர்த்தது, மறுபடி மொட்டை. முருக்கிலை என்றால் ஆட்டுக்கு உயிர். அம்மா எங்கள் ஆடு கறுப்பியை, “மூதேசி, உனக்கு வேறை இலையே கிடைக்கேல்லை?” என்று திட்டித் தீர்த்தார்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சித்தி தானே துளிரை ஒடித்துக் கறுப்பியின் வாயில் தீத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

“அம்மாட்டைச் சொல்லாதை பிள்ளை. ஆடு கடிச்சாத்தான் முருக்கு வடிவாய்த் தழைக்கும்.”

போய்ப் பார்த்தேன். உண்மைதான். ஒடித்த இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று புதுத் துளிர்கள் முட்டிக்கொண்டு நின்றன. கடிக்கக் கடிக்க அடர்கிற சாதி அது. அப்படியென்றால் சித்திக்குப் போக இவ்வளவு அவசரமா? எனக்கு அழுகை வந்தது. சித்தியின் மேல் கால் போட்டுத்தான் நான் நித்திரை கொள்வேன். அவர் பின்னிவிட்டால்தான் என் தலைமயிர் அடங்கும். அவர் இல்லாத வீட்டை என்னால் நினைக்கவே முடியவில்லை.

கடித்தால்தானே தழைக்கும்? கடிக்க விடாமல் செய்தால் சித்தி போகமாட்டார். கறுப்பியைக் கிணற்றடிப் பூவரசில் கட்டிவிட்டு, பள்ளிக்கூடம் விட்ட நேரமெல்லாம் தடிக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ஒரே பெருமை. “சித்தி நல்லாயிருக்கவேணுமெண்டு இவள் காவல் நிக்கிறாள் பாருங்கோ” என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். சித்தி குசினி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை.

என் கணக்குப் பிழைத்தது. கடிபடாத தடி கிடுகிடுவென்று உயர்ந்தது. இலைகள் என் உள்ளங்கையை விடப் பெரிதாகின. மைனாக்கள் வந்து குந்தின. விசாவும் வந்தது.

புறப்படுவதற்கு முதல்நாள் சித்தி எனக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டார்.

“நான் போறது உனக்கும் விருப்பமோடி?”

இல்லை என்றால் அவருடைய சந்தோஷம் கெட்டுவிடுமே என்று பயந்தேன்.

“ஓம் சித்தி.”

 சித்தி வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னிவிட்டார்.

இன்றைக்கும் சித்தி வீடியோவில் வரும்போது ஓடிப்போய் அவர் மடியில் படுக்கவேண்டும் போலிருக்கும். போக அவசரப்பட்டு அல்ல, போகாமல் இருக்கத்தான் அவர் ஆட்டுக்கு இலை தீத்தினார் என்பதும், ‘போகாதையுங்கோ’ என்று சொல்ல அந்த வீட்டில் ஒருத்தராவது இருக்கிறாரா என்றுதான் என்னிடம் கேட்டார் என்பதும் எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.