கமிட்டி பூக்கட்டிப் பார்த்தது

எங்கள் கூடைப்பந்து டீமின் கமிட்டிக்கு ரொம்பப் பிடித்த சொல் 'பார்ப்போம்'. புதுப் பந்து வேண்டும் என்றாலும் பார்ப்போம், வளையம் உடைந்துவிட்டது என்றாலும் பார்ப்போம். ஐம்பதுகளில் புதுக்கோட்டையில் அந்த டீமுக்கு நான் சில வருஷம் ஆடினேன். அந்தச் சொல் மேல் இருந்த எரிச்சல் இன்னும் எனக்குத் தீரவில்லை.

அவர்கள் அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. முன்பு ஒரு முறை எங்கள் ஆட்டக்காரர் ஒருவரை மதுரை டீமுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். அடுத்த டோர்னமெண்டிலேயே அவர் எதிர்ப்பக்கம் நின்று எங்களைத் தோற்கடித்துவிட்டார். கமிட்டித் தலைவர் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். துணி எடுக்க வந்தவர்களெல்லாம் அவரைக் கேள்வி கேட்டே துளைத்துவிட்டார்கள். அதோடு மனுஷர் முடிவெடுப்பதையே விட்டுவிட்டார்.

அப்புறம்தான் திருச்சியில் ஒரு மில் டீமிலிருந்து ஆள் வந்தது. அவர்களுக்கு ஆடிய கீரமங்கலத்துக்காரர் ஒருவர் வேலையை விட்டு ஊரோடு வந்துவிடப் போகிறாராம். அவர் இனி உங்களுக்கு ஆடட்டும், உங்கள் சென்டர் ஆட்டக்காரரை எங்களுக்குக் கொடுங்கள், மில்லில் நிரந்தர வேலை போட்டுத் தருகிறோம் என்றார்கள்.

எங்கள் சென்டர் என் உயிர்த் தோழன். கந்தர்வக்கோட்டைப் பக்கம் வானம் பார்த்த நிலம் அவர்களுக்கு. மழை பொய்த்துப் போய் வீட்டில் அடுப்பு எரிவதே பெரும்பாடாக இருந்தது. கல்யாணத்துக்குத் தங்கை வேறு நின்றாள். அந்த வேலை கிடைத்தால் குடும்பம் கரையேறிவிடும். ஆனால் எங்கள் கமிட்டியின் சம்மதம் இல்லாமல் மில்காரர்கள் அவனைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கமிட்டியை மீறிப் போகிற ஆளும் அவன் இல்லை.

கமிட்டி கூடியது. பார்ப்போம் என்று கலைந்தது. மறுபடியும் கூடியது, மறுபடியும் பார்ப்போம். இனிமேல் பொறுக்க முடியாது என்று மில்காரர்கள் சொல்லி அனுப்பிய பிறகுதான் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"நாம எதுக்குப் பொல்லாப்பக் கட்டிக்கணும்? ஆத்தா சன்னதியில பூக்கட்டிப் பாத்துருவோம்."

கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். கூடைப்பந்துக்குக் கட்டிப் பார்த்தது எங்கள் கமிட்டி ஒன்றாகத்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லோரும் அம்மன் கோயிலுக்குப் போனோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. வாழையிலையில் ஒரே மாதிரி கட்டி அம்மன் முன்னால் போட்டார் பூசாரி.

"இந்த மாத்தம் டீமுக்கு நல்லதுன்னா வெள்ளப் பூவக் குடு தாயே" என்று தலைவர் கைகூப்பினார்.

சாமி கும்பிட வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொன்னார்கள். என் தோழன் தூணோரமாக நின்றுகொண்டிருந்தான். பூசாரி பிரித்தார். சிவப்பு.

தலைவர் முகத்தில் அப்போது தெரிந்த நிம்மதியை என்னால் மறக்கவே முடியாது. குங்குமம் வாங்கி வைத்துக்கொண்டு கடை திறக்கப் போய்விட்டார். மில்லில் வேறு ஒருவனை எடுத்துக்கொண்டார்கள். கீரமங்கலத்துக்காரரும் எங்களுக்கு வரவில்லை. அந்த வருஷம் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். எனக்குப் பொறுக்கவில்லை. கடைக்கே போய்க் கேட்டேன்.

"ஏங்கய்யா, இதுக்கெல்லாம் யாரு பதில் சொல்றது?"

"ஆத்தா உத்தரவு தம்பி. நம்ம கையில என்ன இருக்கு?" என்றார், விரித்த சேலையை மடித்துக்கொண்டே.

அடுத்த வருஷமும் மழை இல்லை. என் தோழன் ஆட்டத்தை விட்டுவிட்டு முந்திரிக் காட்டில் கூலிக்குப் போனான். தங்கையை ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொடுத்தார்கள்.

சில வருஷம் கழித்துக் கந்தர்வக்கோட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது அவனைப் பார்த்தேன். அந்த உயரம் கொஞ்சம் கூனிப்போயிருந்தது. டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். பேச்சு பழைய டீமைத் தொட்டதும் தலைவரை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். அவன் சிரித்தான்.

"அவரத் திட்டி என்னடா ஆகப் போகுது?"

"அப்ப ஆத்தா மேலதான் கோவமா ஒனக்கு?"

"ஆத்தா என்னடா செய்யும்? டீமுக்கு நல்லதான்னு கேட்டாங்க, அதுக்குப் பதில் சொல்லுச்சு. எனக்கு நல்லதான்னு அங்க யாருமே கேக்கலயே."